கோபே நகரத்துப் பச்சை மை: ஜப்பான் முகவரிச் சேவை வழியாக வரவழைத்தவர்கள் வழி சொல்லுங்கள்

வைகைக்கரை | 12 மார்ச் 2024

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக இந்தப் பேனா மன்றத்துக்குப் படிக்க மட்டும் வந்துகொண்டிருந்தேன், இதுதான் என் முதல் பதிவு.

அப்பா அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். கெசட்டட் அதிகாரி என்பதால் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். சான்றிதழ் நகலை நீட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே எங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பச்சையை வைத்தே அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேடியபோதுதான் கோபே நகரத்தின் நாகசாவா எழுதுபொருள் கடை பற்றித் தெரிந்தது. 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் நொறுங்கிப்போன ஊர் கோபே. ஊர் மீண்டு எழுந்த பிறகு, 2007-ல், அந்த ஊரின் இடங்களையே நிறங்களாக்கி மை வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். முதல் நிறம் ஊருக்குப் பின்னால் நிற்கும் ரொக்கோ மலையின் பச்சை. அதைப் படித்ததும் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

சிக்கல் இதுதான்: நான் பார்த்த கடை ஜப்பானுக்குள் மட்டுமே அனுப்புகிறது. அங்கே எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. நமக்கு ஒரு ஜப்பான் முகவரி கொடுத்து, அங்கே வரும் பார்சலை இந்தியாவுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனங்கள் உண்டாமே. யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு வரும்? மே மாதத்துக்குள் வந்துசேருமா?

கூர்நிப் | 12 மார்ச் 2024

வாங்க சகோதரி. நான் சென்னையிலிருந்து ஏழெட்டு முறை இப்படி வாங்கியிருக்கிறேன். முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பலர் தவறுவது இங்கேதான்.

ஒரு வகை, முகவரி மட்டும் தருவது. டென்சோ இந்த வகை. கடையில் நீங்களே ஆர்டர் போட்டு, நீங்களே பணம் கட்டி, அவர்கள் கிடங்கு முகவரியைக் கொடுக்க வேண்டும். பார்சல் வந்ததும் எடை போட்டுச் சொல்வார்கள், நீங்கள் தபால் செலவைக் கட்டினால் அனுப்புவார்கள். இன்னொரு வகை, உங்களுக்காக அவர்களே வாங்கித் தருவது. பையீ, ஜென்மார்க்கெட் போன்றவை. பொருளின் இணைப்பைக் கொடுத்தால் போதும், கடையோடு பேசுவது, பணம் கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஜப்பானியக் கடைகள் பலவற்றில் நம்மூர்க் கார்டு எடுக்காது. அது எடுத்தாலும், பதிவுப் படிவத்தில் பெயரைக் கதகனா எழுத்தில் கேட்கும், ஜப்பான் கைப்பேசி எண் கேட்கும். பொருள் வீட்டுக்கு வந்ததும் பணம் தரும் முறையைக் கிடங்குகள் ஏற்பதில்லை. அதனால் முதல் முறை வாங்குபவர் இரண்டாம் வகைக்குப் போவதே நல்லது. நூறு இருநூறு ரூபாய் கூடினாலும் நிம்மதி.

முகவரி மட்டும் தரும் சேவையில் அடையாளச் சான்றும் கேட்பார்கள். பயப்பட வேண்டாம். பிறர் பெயரில் தபால் வாங்கும் நிறுவனம் ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்பது ஜப்பானின் சட்டம். அமெரிக்காவிலும் இப்படித்தான்: 1583 என்ற அஞ்சல் துறைப் படிவத்தில் நோட்டரி முன்போ அந்த நிறுவனத்தின் முகவர் முன்போ கையெழுத்துப் போட வேண்டும்.

செலவுக் கணக்கை நாளை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமானது.

கருங்காலி | 12 மார்ச் 2024

தவறாக நினைக்காதீர்கள் அம்மா, மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஒரு மைப்புட்டிக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டுமா? பிரில் பச்சை இருக்கிறது. கொல்கத்தாவின் சுலேகா இருக்கிறது, 1934-ல் சுதேசி இயக்கம் பெற்ற பிள்ளை. நடுவில் மூடிக்கிடந்து 2020-ல் திரும்ப வந்திருக்கிறது. கேரளத்திலிருந்து கிருஷ்ணா மை வருகிறது. அதோடு திருவள்ளூரில் கையால் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது. வரியாகக் கட்டப்போகும் பணத்தில் பாதியை நம்மூர்க் கடைசல்காரருக்குக் கொடுக்கலாம்.

வைகைக்கரை | 12 மார்ச் 2024

கருங்காலி அண்ணா, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. எபோனைட் பேனா ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டேன், ஏப்ரலில் வருகிறது. பிரில் பச்சை அப்பா முப்பது வருடமாகப் போட்ட மை. அது அலுவலக மை. ஓய்வுக்குப் பிறகு கையெழுத்து வேலை இருக்காது, நாட்குறிப்பும் கடிதமும்தான் எழுதப்போகிறார். அதற்கு வேறொரு பச்சை இருக்கட்டும் என்று ஆசை. இந்த ஒரு முறைதான்.

சின்னமலை | 13 மார்ச் 2024

ஒரு எளிய வழி. அனுப்பும்போது பொருளின் பெயருக்கு எதிரே ‘அன்பளிப்பு’ என்று போடச் சொல்லுங்கள், மதிப்பை 1,000 யென் என்று குறையுங்கள். ஐயாயிரம் ரூபாய் வரை அன்பளிப்புக்குச் சுங்க டியூட்டி கிடையாது. என் நண்பர் அப்படித்தான் வாங்குவார்.

கூர்நிப் | 13 மார்ச் 2024

சின்னமலை, அந்தச் சலுகை இப்போது இல்லை. வெளிநாட்டுச் செயலிகள் சில, விற்ற பொருளையெல்லாம் அன்பளிப்பு என்று எழுதி அனுப்பிக் குவித்ததால் 2019 டிசம்பரில் அரசு அதை எடுத்துவிட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. உங்கள் நண்பர் அதற்கு முன்பு வாங்கியிருக்கலாம்.

மதிப்பைக் குறைத்து எழுதுவதை யாரும் இங்கே பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சுங்கச் சட்டம் 1962-ன்படி பொய் மதிப்பு எழுதிய பொருளைப் பறிமுதல் செய்யலாம். அது ஒரு பக்கம். இன்னொன்றையும் யோசியுங்கள்: பார்சல் தொலைந்தால், எழுதிய மதிப்புக்குத்தான் ஈடு கிடைக்கும். ஜப்பான் அஞ்சல் துறையின் இ.எம்.எஸ். என்ற விரைவுத் தபால் பார்சலுக்கு 20,000 யென் வரை கூடுதல் கட்டணமில்லாமலே காப்பு இருக்கிறது. உண்மை மதிப்பை எழுதினால் அது முழுக்க உங்களுடையது. 1,000 யென் என்று எழுதிவிட்டு, உடைந்த புட்டிக்கு 2,000 யென் கேட்க முடியாது. அதோடு நல்ல நிறுவனங்கள் பொய் மதிப்பு எழுதவும் மாட்டார்கள். அவர்களே வாங்கியதற்கு ரசீது இருக்கிறதே.

சின்னமலை | 13 மார்ச் 2024

சரி, எனக்கு இது தெரியாது. தகவலுக்கு நன்றி. யாரும் என் பேச்சைக் கேட்டுச் செய்துவிட வேண்டாம்.

கூர்நிப் | 13 மார்ச் 2024

இப்போது கணக்கு. மூன்று புட்டி என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் வாங்கினால் நடுவில் வரும் செலவெல்லாம் அந்த ஒன்றின் தலையிலேயே விழும், கட்டுப்படியாகாது.

50 மில்லி புட்டி ஒன்று 2,000 யென் அளவில் இருக்கும், மூன்றுக்கு 6,000 யென். ஜப்பானின் 10 சதவீத நுகர்வு வரி இதற்குள்ளேயே அடக்கம். பொருள் முதலில் ஜப்பான் முகவரிக்குப் போவதால் அது நமக்குத் திரும்பி வராது. கடையிலிருந்து கிடங்குக்கு 700 யென். சேவைக் கட்டணம் 500 யென். கண்ணாடிப் புட்டி, அட்டைப் பெட்டி, சுற்றிய காகிதம் எல்லாம் சேர்ந்து மூன்று புட்டி 900 கிராம் வரும். அதற்கு இ.எம்.எஸ். சுமார் 2,900 யென். ஆக மொத்தம் 10,100 யென், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 5,600 ரூபாய். வெளிநாட்டுப் பணத்தில் கட்டுவதற்குப் பல கார்டுகள் 3.5 சதவீதம் எடுக்கும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 4.13 சதவீதம். இன்னொரு 230 ரூபாய்.

அடுத்தது டியூட்டி. தனிப்பட்ட உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு இந்த 2024-ல் அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம். அந்த வரியின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல மேல்வரி, அதாவது 3.5. இரண்டும் சேர்ந்து 38.5. இதையும் பொருளின் விலையோடு கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு 28 சதவீத ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி. கடைசியில் 77.28 சதவீதம் வந்து நிற்கும். அடிப்படை வரி 10 சதவீதமாக இருந்த நாளில் இதுவே 42.08 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியது, ஆர்டர் போடும் அன்றைய விகிதத்தைப் பாருங்கள்.

இதைப் பொருளின் விலைக்கு மட்டும் போட மாட்டார்கள், தபால் செலவையும் சேர்த்துத்தான் மதிப்பு. 6,000 யென்னோடு 2,900 சேர்ந்து 8,900 யென், சுமார் 4,940 ரூபாய். அதில் 77.28 சதவீதம் என்றால் 3,817 ரூபாய்.

எல்லாம் கூட்டினால் 9,650 ரூபாய் சுற்றி வருகிறது. கோபேயில் 1,100 ரூபாய்க்கு விற்கும் புட்டி மதுரையில் 3,200 ரூபாய். இந்த எண்ணை முதலிலேயே பார்த்துவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு நீட்டினேன். தபால்காரர் வாசலில் நிற்கும்போது பார்த்தால் மனம் உடைந்துவிடும், எனக்கு உடைந்திருக்கிறது.

வைகைக்கரை | 13 மார்ச் 2024

அண்ணா, இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. 3,200 என்றதும் ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு தம்பியிடம் பேசினேன், பாதிச் செலவு அவன் ஏற்கிறான். வாங்குகிறோம்.

கூரியரில் வரவழைத்தால் சீக்கிரம் வருமா?

தேக்கா_வாசகர் | 14 மார்ச் 2024

சிங்கப்பூரிலிருந்து. கூரியர் சீக்கிரம் வரும், ஆனால் பெட்டியின் அளவைக் கவனியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 30, 25, 20 அளவுள்ள பெட்டி என்றால் மூன்று கிலோ. உள்ளே 900 கிராம்தான் இருக்கிறது என்றாலும் மூன்று கிலோவுக்கே காசு. இ.எம்.எஸ்.ஸில் உண்மையான எடைதான் கணக்கு. மைப்புட்டிக்கு நிறையக் காகிதம் திணித்துப் பெரிய பெட்டியில்தான் வைப்பார்கள், அதனால் இது முக்கியம். கூரியர்காரர்கள் டியூட்டியை முன்கூட்டிக் கட்டிவிட்டு அதற்கென்று ஒரு கட்டணமும் வாங்குவார்கள்.

உங்கள் 77 சதவீதத்தைப் படித்து உண்மையிலேயே வருந்தினேன். இங்கே 9 சதவீத ஜி.எஸ்.டி. மட்டும்தான், அதுவும் இந்த ஜனவரியில்தான் 8-லிருந்து ஏறியது. முன்பு விமானத்திலோ தபாலிலோ 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை வருவதற்கு அதுவும் இல்லை. 2023 தொடக்கத்திலிருந்து பெரிய விற்பனையாளர்களும், பார்சல் மாற்றி அனுப்பும் நிறுவனங்களும் விற்கும்போதே வரியை வாங்கிவிடுகிறார்கள்.

யாராவது ஜப்பான் போய்விட்டு ஊருக்கு வருகிறார்களா என்றும் கேட்டுப்பாருங்கள். பெட்டியில் கொண்டுவந்தால் இந்த 2024-ல் ஒருவருக்கு 50,000 ரூபாய் வரை டியூட்டி இல்லை. மைப்புட்டியைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள்.

பழைய_பார்க்கர் | 14 மார்ச் 2024

எனக்கு வயது எழுபத்து மூன்று, திருச்சி. இந்த இழையைப் படித்தபோது என் அனுபவத்தையும் எழுதலாம் என்று தோன்றியது, இளையவர்கள் யாருக்காவது உதவும்.

பிளாட்டினம் 3776 மேல் எனக்கு வெகுநாள் ஆசை. பூஜி மலையின் உயரம் 3,776 மீட்டர், அதையே பேனாவுக்குப் பெயராக வைத்த கம்பெனி. புதிது வாங்க வசதி இல்லை. ஜப்பானிய ஏலத் தளம் ஒன்றில் பழையது மலிவாகக் கிடைத்தது, வாங்கித் தரும் சேவை மூலம் எடுத்தேன். தலைப்பில் ‘ஜங்க்’ என்று கதகனாவில் எழுதியிருந்தது. மொழிபெயர்ப்புக் கருவி அதை ‘குப்பை’ என்று காட்டியது, ஏதோ பிழை என்று விட்டுவிட்டேன். வந்த பேனாவில் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல். மை நிரப்பினால் விரலெல்லாம் மை. எழுதிக் கேட்டால், வேலை செய்யாது என்ற நிபந்தனையோடு விற்கும் பொருளுக்குத்தான் அந்தச் சொல்லைப் போடுவார்களாம், திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பொருளுக்குக் கொடுத்ததைவிடத் தபாலுக்கும் டியூட்டிக்கும் அதிகம் கொடுத்திருந்தேன், அதுதான் வலித்தது.

ஆகவே பழைய பொருள் வாங்குகிறவர்கள் படத்தை மட்டும் பார்க்காமல் விவரக் குறிப்பை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கிடங்கில் பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னால் சிறு கட்டணத்துக்குச் செய்வார்கள், அதையும் விடாதீர்கள். கடல் தாண்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ரொக்கோ பச்சையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். திரையில் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறமாகத் தெரிகிறது. வந்ததும் நல்ல வெயில் வெளிச்சத்தில் ஒரு படம் போடுங்கள் அம்மா.

அடுப்படி | 15 மார்ச் 2024

இழைக்குக் கொஞ்சம் வெளியே ஒரு கேள்வி. இதே வழியில் ஜப்பான் ரைஸ் குக்கர் வாங்கலாமா? உறவினர் வீட்டில் பார்த்தேன், சோறு அவ்வளவு நன்றாக இருந்தது.

தேக்கா_வாசகர் | 15 மார்ச் 2024

ஜப்பான் உள்நாட்டு மாடல் வேண்டாம். அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நேரே செருகினால் எரிந்துவிடும். ஆயிரம் வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் சமையலறையில் ஒரு கல் மாதிரி கிடக்கும். வெளிநாட்டுக்கென்றே செய்த 220 வோல்ட் மாடல்கள் இங்கே கடைகளில் கிடைக்கின்றன, ஊருக்கு வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை | 28 மார்ச் 2024

ஒரு நிலவரம் சொல்கிறேன். 20-ம் தேதி வாங்கித் தரும் சேவையில் ஆர்டர் போட்டேன். ரொக்கோ பச்சை இரண்டு, துறைமுக நீலம் ஒன்று. நேற்று கிடங்குக்கு வந்துவிட்டது, எடை 880 கிராம் என்று காட்டுகிறது. ஆனால் பார்சலை அனுப்பச் சொன்னதும், ‘திரவம், கூறுகளின் விவரத் தாள் தேவை’ என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பதற்றமாக இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடுவார்களா?

கூர்நிப் | 28 மார்ச் 2024

பதற வேண்டாம். வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்பிரே போன்ற தீப்பற்றும் திரவங்கள் விமானத் தபாலில் போகாது. ஃபவுண்டன் பேனா மை நீரை அடிப்படையாகக் கொண்டது, அந்தப் பட்டியலில் வராது. ஆனால் கிடங்கில் வேலை செய்பவருக்குப் புட்டியைப் பார்த்து அது தெரியாது, அதனால்தான் தாள் கேட்கிறார்கள். இந்த மையைத் தயாரிப்பது செய்லர் கம்பெனி. நீர் அடிப்படையிலான பேனா மை, எரியும் தன்மை இல்லை என்று சொல்லி, செய்லரின் பாதுகாப்பு விவரத் தாளைச் சேர்த்து எழுதுங்கள். எனக்கு இரண்டு முறை இப்படி நின்றிருக்கிறது, இரண்டு முறையும் இரண்டே நாளில் விட்டார்கள்.

எழுதும்போது இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புட்டியின் மூடியைச் சுற்றியும் டேப் ஒட்டி, தனித்தனி ஜிப் பையில் போட்டு, நிமிர்ந்த நிலையில் வைக்கச் சொல்லுங்கள். கூடுதல் பாதுகாப்புப் பேக்கிங் என்று ஒரு தெரிவு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். 2022-ல் நான் அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். நான்கு புட்டியில் ஒன்று உடைந்து, உடன் வந்த ஐந்து நோட்டுப் புத்தகமும் ஊதா நிறமாகிவிட்டன. டொமோயே ரிவர் என்ற மெல்லிய ஜப்பானியத் தாள், அதுவும் பழைய ஆலையில் செய்தது. இன்றும் அதை எறிய மனம் வரவில்லை.

பொருள் விவரத்தில் ‘மை’ என்று மட்டும் போடாமல் ‘ஃபவுண்டன் பேனா மை, தனிப்பட்ட உபயோகத்துக்கு, மூன்று புட்டி’ என்று முழுதாகப் போடச் சொல்லுங்கள். சுங்க அதிகாரிக்குக் கேள்வி எழாமல் இருந்தால் நமக்குத்தான் நாள் மிச்சம். ரசீதையும் ஆதார் நகலையும் தயாராக வைத்திருங்கள், கடிதம் வந்தால் அன்றே அனுப்பிவிடலாம்.

வைகைக்கரை | 2 ஏப்ரல் 2024

நன்றி அண்ணா. தாளைச் சேர்த்து எழுதினேன், மறுநாளே அனுமதித்துவிட்டார்கள். நேற்று ஜப்பானிலிருந்து கிளம்பிவிட்டது.

வைகைக்கரை | 15 ஏப்ரல் 2024

6-ம் தேதி சென்னைக்கு வந்தது. அதன் பிறகு ஒன்பது நாளாகக் ‘கஸ்டம்ஸில் உள்ளது’ என்ற ஒரே வரிதான். கடிதமும் வரவில்லை. இது வழக்கமா?

கருங்காலி | 15 ஏப்ரல் 2024

வழக்கம்தான் அம்மா. எனக்கு ஒருமுறை ஜெர்மனியிலிருந்து நிப் வந்தபோது மூன்று வாரம் ஆனது. கேள்வி இருந்தால் எழுதிக் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் வரிசையில் இருக்கிறது என்று அர்த்தம். நடுவில் புத்தாண்டு விடுமுறையும் போயிருக்கிறது. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, வந்துவிடும்.

வைகைக்கரை | 22 ஏப்ரல் 2024

வந்துவிட்டது! இன்று காலை பதினொரு மணிக்கு. தபால்காரரிடம் 3,790 ரூபாய் கட்டினேன். கூர்நிப் அண்ணா போட்ட கணக்குக்கும் அதற்கும் முப்பது ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. எங்கள் தெருவுக்குப் பதினைந்து வருடமாக வருபவர் அவர். ‘இவ்வளவு டியூட்டி கட்டி என்னம்மா வாங்கினே’ என்று கேட்டார். பெட்டியை அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். மூன்றும் பத்திரம், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

ஒரு புட்டியை மட்டும் திறந்து குச்சியில் தொட்டு எழுதிப் பார்த்தேன். பிரில் பச்சை மாதிரி பளிச்சென்று இல்லை. மழை பெய்து ஓய்ந்த பிறகு தூரத்து மலை தெரியுமே, அந்த இருண்ட பச்சை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாகமலை ஐப்பசியில் அப்படித்தான் இருக்கும். வெயிலில் வைத்து எடுத்த படம் கீழே.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. எபோனைட் பேனாவும் வந்துவிட்டது, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்திருக்கிறேன்.

பழைய பார்க்கர் ஐயா, திரையில் நிறம் சரியாகத் தெரியாது என்று சொன்னீர்கள். திறந்த புட்டியிலிருந்து ஐந்து மில்லி எடுத்து, மருந்துக் கடையில் வாங்கிய சிறு குப்பியில் ஊற்றி, மூடியில் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். தனிமடலில் முகவரி அனுப்புங்கள், நாளை காலை தபாலில் போட்டுவிடுகிறேன்.